கோடோவில் செய்த கேமை விற்கலாம்

பிளஸ் டூ முடித்த வேளச்சேரி தம்பி கேம் செய்ய எந்த எஞ்சினில், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருளில், தொடங்கலாம் என்று கேட்டதற்கு, "கோடோ ஓப்பன் சோர்ஸ், அதில் செய்த கேமை விற்க முடியாது, சோர்ஸ் கோடையும் வெளியிட வேண்டும்" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. நாலைந்து பேர் அதையே திருப்பிச் சொல்லியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

அப்படி இல்லைங்க. கோடோவின் சோர்ஸ் கோடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அதைத்தான் ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். அது 2014-இல் எம்ஐடி என்ற தளர்வான ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வெளியானது, இன்றும் அதேதான். கேமும் அதன் கோடும் செய்தவருக்கே சொந்தம். விற்கலாம், கோடை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளலாம், ராயல்டி என்று யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, எஞ்சினின் பதிப்புரிமைக் (காப்பிரைட்) குறிப்பும் உரிம வாசகமும் கேமோடு இருக்க வேண்டும். கிரெடிட்ஸ் திரையில் போட்டால் போதும்.

ஜிபிஎல் என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் உரிமத்தோடு குழம்பியிருக்கலாம். அந்த உரிமத்தில் உள்ள கோடைச் சேர்த்து மென்பொருளை விநியோகித்தால்தான் சோர்ஸையும் தர வேண்டிவரும். நானும் ரொம்ப நாள் இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்!

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கோடுகளைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கோடோவின் பக்கத்தைத் திறந்தால் லைசென்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம், அவ்வளவு சின்னது. பிரதிகளை விற்கவும் அனுமதி உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படியே கேம் விற்கும் தளமான ஸ்டீமில் டோம் கீப்பர், புரோட்டாட்டோ என்ற கேம்களைத் தேடிப் பாருங்கள். இரண்டுமே கோடோவில் செய்தவை, இரண்டுக்கும் விலை போட்டிருக்கும்.