ஃப்ளைவீல் எடைக்கும் கலோரிக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

"குளிர்காலத்துக்கு வீட்டுக்குள் ஓட்ட சைக்கிள் வாங்கினால் ஃப்ளைவீல் 20 கிலோவாவது இருக்கணும், எடை கூடினால்தான் கலோரி எரியும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

ஃப்ளைவீல் என்பது மிதிக்கும்போது சுழலும் கனமான சக்கரம். மிதிக்கும் காலுக்கு எதிர்ப்பைத் தருவது அதுவல்ல. எதிர்ப்பைத் தருவது காந்தமோ, சக்கரத்தை அழுத்தும் பிரேக் கட்டையோதான். கனமான சக்கரத்தை ஓடவைக்க முதலில் கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே வேகத்துக்கு வந்தபின் 20 கிலோ சக்கரத்தில் நீங்கள் போடும் உழைப்பு 150 வாட் என்றால் 8 கிலோ சக்கரத்திலும் 150 வாட்தான், எரியும் கலோரியும் அதேதான். எடையால் கிடைப்பது மிதி வெட்டி வெட்டிப் போகாத சீரான ஓட்டம். அதற்கும் எடை மட்டும் காரணமில்லை. சுழற்சி வேகம் இரட்டிப்பானால் சக்கரத்தில் சேரும் ஆற்றல் நான்கு மடங்கு. அதனால் பல்சக்கர விகிதம் கூடிய, அதாவது ஒரு மிதிக்குச் சக்கரம் அதிகச் சுற்று சுற்றும் வண்டியில் லேசான சக்கரமே போதும்.

அப்புறம், ஃப்ரீவீல் (மிதிப்பதை நிறுத்தினால் மிதியைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் அமைப்பு) இல்லாத ஸ்பின் பைக் என்ற உடற்பயிற்சி சைக்கிளில் கனமான சக்கரம் நீங்கள் நிறுத்தினாலும் காலை இழுத்துக்கொண்டு சுற்றும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைத்தான் முதலில் யோசிக்கணும். அவசர பிரேக் எங்கே இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், எடையை விட்டுவிட்டு சீட்டும் ஹேண்டில்பாரும் உங்கள் உயரத்துக்கு நகருமா என்று பாருங்கள். அடுக்குமாடி வீடென்றால் காந்த எதிர்ப்பு நல்லது. கட்டை தேயும், சத்தமும் வரும். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல மின்விசிறி. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே காற்றில்லாமல் 10 நிமிடத்தில் வியர்த்து வழியும்.