ரவானும் பேஸும் ஒரே நாற்காலியில்

மொரிஷியஸ் ரோஸ்ஹில்ல என் சின்ன அறைக்குள்ள ஒரு பாட்டை மிக்ஸ் பண்ண மூணு ராத்திரியா ஒரே மல்லுக்கட்டு. பேஸ் கிட்டார் சத்தத்தை ஏத்தினா ரவான், அதான் எங்க ஊர் வட்டத் தோல்பறை, காணாமப் போகுது. ரவானை ஏத்தினா பாட்டே கொழகொழன்னு ஆயிடுது. பேஸோட தடிச்ச இ கம்பி 41 ஹெர்ட்ஸ், அதோட சேர்ந்தே ஒலிக்கிற இரட்டிப்பு 82. இந்த ரவானும் சரியா அங்கேதான் வந்து உக்காருது. அதுவும் நிலையா உக்காருமா? ஆட்டுத்தோலாச்சே! தீயில காய்ச்சி அடிச்ச முதல் டேக், அதாவது முதல் பதிவு, கணீர்னு இருக்கு; மழைக்காத்து பட்ட நாலாவது டேக்குல தொளதொளன்னு தொங்கிருச்சு. முதலாவதுக்கு எந்த ஹெர்ட்ஸை ஏத்தணும் இறக்கணும்னு பார்த்து வெட்டின ஈக்யூ நாலாவதுக்கு ஒத்து வரல.

கடைசியில பேஸை 80 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைச்சு, ஒருவழியா ரெண்டையும் பிரிச்சேன். மாமா கார்ல போட்டுக் கேட்டார். டிக்கி கிடுகிடுன்னு ஆடுது.

“என்னடா, பேஸே பத்தலையே!”