அசர் சதவீதம் ஒரு பள்ளியின் மதிப்பெண் அல்ல

"அசர் அறிக்கைப்படி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவங்க பாடப்புத்தகமே வாசிக்க வராது, எங்க ஊர் அரசுப் பள்ளி லட்சணம் இதுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அசர் (ASER) என்பது பிள்ளைகளின் வாசிப்பு, கணக்குத் திறனைச் சோதிக்க பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் கணக்கெடுப்பு. அவர் எழுதியதில் இரண்டு இடத்தில் தவறு.

அங்கே சோதிப்பது ஐந்தாம் வகுப்புப் பாடம் இல்லை, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னக் கதை. அதைத் தடுமாறாமல் வாசிக்க வராதவர்களின் கணக்குதான் அந்த 'பாதி'. நிலைமை லேசானது என்று சொல்ல வரவில்லை, சொல்லப்போனால் இன்னும் மோசம்.

அடுத்தது, இது வீட்டுக்குப் போய் எடுக்கும் கணக்கெடுப்பு. கிராமப்புறம் மட்டும். மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. தனியார் பள்ளிப் பிள்ளையும் அதில் உண்டு, பள்ளிக்கே போகாத பிள்ளையும் உண்டு. அதை வைத்து மாநிலத்தைப் பற்றிப் பேசலாம், உங்கள் தெருப் பள்ளியைப் பற்றிப் பேச முடியாது.

பள்ளியின் நிலை தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். முதலில் பத்தி. திணறினால் சொற்கள்: ஐந்தில் நாலு சரியாக வரணும். அதுவும் வராவிட்டால் எழுத்துகள். பத்தி சரளமாக வந்தால் மட்டும் கதை. பழகிய பாடத்தைக் கொடுத்தால் ஏமாந்து போவோம். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியை ஒப்பித்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்றால் குட்டு உடைந்துவிடும்.

பிறகு வகுப்புவாரியாக இல்லாமல் நிலைவாரியாகப் பிரித்துத் தினமும் பயிற்சி. சில வாரம் கழித்து மறுபடி சோதித்துக் குழுவை மாற்றாவிட்டால், எழுத்துக் குழுவில் போட்ட பிள்ளை வருஷம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கும்.