தொலைநோக்காம், தொலைநோக்கு!

எங்கள் கம்பெனியின் புதிய தொலைநோக்கை மேலிடம் அறிவித்த அந்தக் கூட்டத்தைப் பற்றி மறுபடி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முந்தைய பதிவின் கீழே "உங்களுக்கு எதிலும் குறைதான் தெரியும்" என்று வந்து விழுந்த கமெண்டுகளைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

பெரிய கனவு காண்கிற தலைவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தக் கனவால் நாளைக் காலை என் வேலையில் எது மாறும் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். கூட்டத்தில் பின்வரிசைப் பெண் ஒருவர் கேட்டதும் இதைத்தானே? "கொஞ்சம் பெரிதாக யோசியுங்கள்" என்று சிரித்துவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அதற்குக் கைதட்டல் வேறு.

"ஒவ்வொரு மேசையிலும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர்" என்பது மைக்ரோசாஃப்டின் ஆரம்பகால இலக்கு. கேட்டதும் கண்முன் தெரிகிறது. நடந்ததா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லலாம். நமக்குக் காட்டிய ஸ்லைடில் இருந்தது "உலகத்தரம், புதுமை, முதன்மை". மரியாதை, நேர்மை என்றெல்லாம், கணக்கு மோசடிக்குப் பேர்போன அமெரிக்க எரிசக்தி கம்பெனி என்ரானும்தான் எழுதி வைத்திருந்தது. 2001 டிசம்பரில் திவால்.

முன்பு எனக்கு ஒரு மேலாளர் இருந்தார். வந்த புதிதில் பேச்சே இல்லை. புகார் பிரிவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர்கள் திட்டுவதை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரே வரி சொன்னார்: "ஒரே பிரச்சினைக்கு யாரும் நம்மை இரண்டாவது முறை கூப்பிடக் கூடாது." பாதி முடிந்த ஒரு புது வசதியை அதற்காகவே நிறுத்தினார். அவர் நிஜமாகத்தான் சொல்கிறார் என்று அன்றைக்குத்தான் நம்பினோம்.

"எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் முடிவெடுக்க முடியுமா?" என்பீர்கள். முடியாதுதான். நான் என்ன ஓட்டெடுப்பா கேட்டேன்? 1993-இல் கம்ப்யூட்டர் கம்பெனியான ஐபிஎம்மின் தலைமைக்கு வந்த லூ கெர்ஸ்ட்னர், இப்போதைக்கு இங்கே தேவையே இல்லாதது தொலைநோக்குதான் என்று வெளிப்படையாகவே சொன்னார். வாடிக்கையாளர்களைப் போய்ப் பார்த்தார், கம்பெனியைப் பிரித்துப் போடும் திட்டத்தைக் கைவிட்டார். முடிவெடுக்காமலா இருந்தார்?

"மேலே இருப்பவர்களின் அழுத்தம் உனக்குத் தெரியாது" என்பது இன்னொரு கமெண்ட். சரி, தெரியாது. எங்கள் அழுத்தம் அவர்களுக்குத் தெரியுமா? வாடிக்கையாளர் முகத்தில் தினமும் விழிப்பது நாங்கள். தொலைநோக்கு எழுத வெளியிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள், போனார்கள். எங்கள் மேசைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியவனுக்கு ஒரு வார்த்தை கேட்கக்கூடவா தகுதி இல்லை?

இன்று காலை மெயிலில் ஒரு படிவம். "புதிய தொலைநோக்கு உங்களுக்கு எவ்வளவு உற்சாகம் தந்தது?" 1 முதல் 5 வரை டிக் அடிக்க வேண்டுமாம். கருத்து எழுதக் கட்டம் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.