மீட்டிங் காலைல 11 மணிக்குன்னா நாங்க எங்கிட்டு வர்றது

நேத்து கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அண்ணன், "கடக்கரை சனங்களுக்குப் புள்ளைங்க படிப்புல அக்கறையே இல்லம்மா, பால்வாடில மீட்டிங் வச்சா நாலு பேரு வர மாட்றாங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்போ ஒண்ணும் சொல்லல, மீதிச் சில்லறைய எண்ணிக் குடுத்துட்டேன். ராத்திரி படுத்தா மனசு கேக்கல. அதான் டைப் பண்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மொத விஷயம், மீட்டிங் எப்ப வைக்கிறாங்க? காலைல 11 மணி. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், ராத்திரி பூரா வலை இழுத்துட்டு மறுநாள் காலைலதான் கரைக்கு வரும். நண்டு தனி எறால் தனி கணவாய் தனின்னு பிரிச்சு, சங்காயத்தை (விலை போகாத பொடி மீனை) தள்ளிவிட்டு, கணக்கு முடிச்சு மனுசன் வீட்டுல வந்து விழுறப்போ அதே 11 மணிதான் ஆகும். கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்களுக்குக் கடிகாரமே கிடையாது, தண்ணி வத்துறதுதான் கணக்கு, அமாவாசை பௌர்ணமிய ஒட்டி நாள் பாத்துப் போவாங்க, விரல்ல துணியச் சுத்தி கண்ணாடிய மாட்டிக்கிட்டு முங்குனா மதியத்துக்கு மேலதான் கரை. இவங்க வரலன்னு ரிஜிஸ்டர்ல எழுதி வச்சுட்டு அக்கறை இல்லன்னா எப்படி?

சரி, இப்ப என் பக்கத்துத் தப்பையும் சொல்லிடுறேன்.

என் மகனை முதல்ல ஒரு பிரைவேட் ப்ளே ஸ்கூல்லதான் போட்டோம். கேட்டுக்கு வெளியவே புள்ளைய வாங்கிட்டுக் கதவைச் சாத்திருவாங்க. டைரில மட்டும் வாரம் ஒருக்கா "பேச மாட்டேங்கிறான், வீட்டுல இங்கிலீஷ்ல பேசிப் பழக்கவும்"னு எழுதி வரும். எங்க வீட்டுல இங்கிலீஷ்ல பேச யாரு இருக்கா, ஃப்ரிட்ஜ் ஒண்ணுதான் இங்கிலீஷ். ஒரு டெர்ம் ஃபீஸ் போனதோட நிறுத்திட்டு ஊர்ப் பால்வாடில விட்டேன். டீச்சர் பரமக்குடிப் பக்கம், மொளகாக் காட்டுல பொறந்து வளந்தவங்க, கடலைப் பத்தி ஒண்ணும் தெரியாது.

போய் ரெண்டாவது மாசம் ஒரு புள்ளையக் கையில கடிச்சு வச்சுட்டான். நல்லாப் பல்லு பதிஞ்சிருந்துச்சு. சாயங்காலம் டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டு மெதுவாத்தான் கேட்டாங்க, "வீட்டுல எதும் பிரச்சனையாக்கா, ஒரு வாரமா இவன் தூங்குற நேரத்துல தூங்கவே மாட்றான்"னு. எனக்கு வந்துச்சே கோவம். எங்க வீட்டு விஷயம் உங்களுக்கு எதுக்கு, புள்ளைங்களை ஒழுங்காப் பாருங்கன்னு நாலு பேரு முன்னாடி கத்திட்டு, பத்தாததுக்கு ராத்திரி வாட்ஸப் குரூப்புல வாய்ஸ் நோட்டு வேற போட்டேன். நடந்தது என்னன்னா, என் கொழுந்தன் போன படகு இலங்கைப் பக்கம் பிடிபட்டு மூணு வாரமா ஆளு வரல. வீட்டுல தினம் அழுகை, போன், வக்கீலு, சங்கத்து ஆளுங்க. மூணு வயசுப் பையன் அதுக்குள்ளதான் படுத்து எந்திரிச்சுக்கிட்டு இருந்தான். அதை நான் ஒரு வார்த்தை டீச்சர்கிட்ட சொல்லிருந்தா அவங்க வேற மாதிரி பாத்திருப்பாங்க. அவங்களுக்கு எதுவுமே தெரியாது, நானும் சொல்லல.

அதைச் சரி பண்ணது நான் இல்ல, என் மாமியா. தினம் அவங்கதான் போய்க் கூட்டியாருவாங்க. ஒரு நாள் டீச்சர் "இவன் வாயத் தொறக்கவே மாட்றானேம்மா"ன்னு சொல்ல, அத்தை "ஏத்தா, வீட்டுல அய்யா (இவன் தாத்தா) வலையில மீன் கழிக்கைல பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா பேரு சொல்லுவானே, வாயே ஓயாதே"ன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. ரெண்டு நிமிஷப் பேச்சு. மறுநாள் டீச்சர் போன்ல மீன் படமா எடுத்து வச்சுக்கிட்டு ஒண்ணைக் காட்டி "இது சங்கராதானே"ன்னு கேட்டிருக்காங்க. நம்மாளு எந்திரிச்சு வந்து, "சங்கரா இல்ல டீச்சர், நகரை. தாடைக்குக் கீழ மீசை இருக்குல்ல"ன்னு திருத்திருக்கான். அந்தப் பால்வாடில அவன் பேசுன மொத முழு வாக்கியம் அதுதான். ஆயாதான் வந்து சொல்லிச் சிரிச்சாங்க.

இந்தப் பால்வாடிய நடத்துற ஐசிடிஎஸ் திட்டம் 1975 அக்டோபர் 2ல ஆரம்பிச்சது, 50 வருஷம் ஆச்சு. அதுல 6 சேவைன்னு சொல்வாங்க, சத்துணவு, தடுப்பூசி, உடம்பு பரிசோதனை, மேல ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது, அம்மாமாருக்குச் சுகாதாரம் சொல்லித்தர்றது, அப்புறம் முன்பருவக் கல்வி. நல்லாப் பாத்தீங்கன்னா அம்மாவுக்குச் சொல்லித்தர்றதுன்னு இருக்கு, அம்மாகிட்ட கேட்டுக்கிறதுன்னு ஒண்ணு இல்ல. டீச்சரையும் குத்தம் சொல்ல முடியாது, எடை போடணும், உயரம் அளக்கணும், சத்துமாவு குடுக்கணும், டவர் கிடைக்காத இடத்துல நின்னுக்கிட்டு எல்லாத்தையும் போன்ல ஏத்தணும், நடுவுல ஓட்டர் லிஸ்ட் வேலை வேற. இதுல புள்ளையோட அப்பத்தாகிட்ட நின்னு பேச நேரம் எங்க இருக்கு? இந்த டீச்சர் பேசுறாங்கன்னா அது அவங்க சொந்த நேரம்.

நான் டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சவ (டெட்டு பரிட்சை பாஸாகல, அது தனிக் கதை). அப்ப படிச்சதுல ஒண்ணு இன்னும் மனசுல நிக்கிது. 1945ல சண்டை முடிஞ்ச கையோட இத்தாலில ரெஜியோ எமிலியா பக்கத்துல ஒரு கிராமத்துச் சனங்க, ஜெர்மன்காரன் விட்டுட்டு ஓடுன டாங்கியையும் லாரியையும் குதிரைங்களையும் வித்த காசுல, இடிஞ்ச வீட்டுச் செங்கலைப் பொறுக்கிப் பாலர் பள்ளி கட்டிருக்காங்க. அதைக் கேள்விப்பட்டு மலகுஸ்ஸின்னு ஒரு வாத்தியார் சைக்கிள்ல வந்து பாத்துட்டு அங்கேயே ஒட்டிக்கிட்டாரு. அங்க முதல்ல வந்தது அப்பா அம்மாதான், வாத்தியார் அப்புறம்தான்.

நாங்க ஒண்ணும் டாங்கி விக்கல. டீச்சர்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன், குரூப்புலயும் போட்டேன் (கத்துனது எங்கயோ அங்கதான மன்னிப்பும் கேக்கணும்). அப்புறம் மீட்டிங்கை மீன் ஏலக்கூடத்து நிழல்ல சாயங்காலம் 5 மணிக்கு வைக்கலாமான்னு கேட்டேன், அதுவும் படகு போகாத நாளாப் பாத்து. டீச்சர் சரின்னாங்க, அவங்களுக்குக் கடைசி பஸ்ஸுதான் பயம். 19 புள்ளைங்களுக்கு 14 வீட்டுல இருந்து வந்தாங்க, அதுல 6 பேரு அப்பாமாரு, ஒருத்தரு கையில வலை ஊசியோடவே வந்து உக்காந்தாரு. ஏப்ரல் 15ல மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சா 61 நாளைக்கு விசைப்படகுக்காரங்க கரையிலதான் கிடப்பாங்க, அந்த மாசக் கடைசில இன்னொண்ணு வைக்கணும்.

இப்ப அய்யாவுக்குத்தான் புது வேலை. முந்தாநாள் ராத்திரி 8 மணிக்கு டீச்சர்கிட்ட இருந்து வாய்ஸ் நோட்டு, "கிளாத்தி கிளாத்திங்கிறான், அது எந்த மீனுன்னு தாத்தாகிட்ட கேட்டுச் சொல்லுங்கக்கா"ன்னு. அய்யா என் போனை வாங்கி, பட்டனை அமுக்கத் தெரியாம, போனைப் பாத்து "தோலு சொரசொரன்னு இருக்கும்த்தா, உரிச்சுத்தான் ஆக்கணும்"னு கத்திக்கிட்டே இருந்தாரு.