அந்த ஓட்டையை அவசரப்பட்டு அடைக்காதீர்கள்

மதுரையைச் சுற்றி இப்போது பழைய கார்களுக்கு நல்ல காலம். மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் கிடந்த வண்டிகள்கூட வெளியே வருகின்றன. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகள், கம்பம் பக்கத்துத் தோட்டங்கள், பசுமலை, திருநகர் வீட்டு ஷெட்கள் என்று தேடிப்போய் வாங்குகிறார்கள். இளைஞர்கள் நிறையப் பேர் இதில் இறங்கியிருப்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

ஆனால் வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் நடக்கிற காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் எதற்கென்று தெரியாத ஓர் ஓட்டையா, வெல்டு வைத்து அடைத்துவிடு. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் சம்பந்தமில்லாத ஒரு பிராக்கெட்டா, கட்டர் போட்டு அறுத்துவிடு. அப்புறம் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, 'பக்கா ஒரிஜினல்' என்று படம் போடுவது. அந்த வண்டி அறுபது, எழுபது வருடம் இந்த மண்ணில் எப்படிப் பிழைத்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த ஓட்டைதான். அது ஒரு மத்தியானத்தில் போய்விடுகிறது.

காரணம் தெரியாத எதையும், காரணம் தெரிகிறவரை தொடக்கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

தெரிந்த அண்ணன் ஒருவர் ஒரு மாரிஸ் டென் வாங்கினார். இன்ஜினைப் பிரிக்கும்போது சைடில் இருந்த ஒரு போல்ட் அறுந்துவிட்டது. புதுப் போல்ட் தேடுகிறார்கள். போல்ட்டின் தலைக்கு, இங்கிலாந்தின் பழைய அங்குல அளவான விட்வொர்த் ஸ்பேனர்தான் கச்சிதமாக உட்கார்கிறது. இங்கிலாந்து வண்டி, அதனால் அங்குல மரைதான் இருக்கும் என்று கடையில் இருந்த அங்குலப் போல்ட்டையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் ஏறவில்லை. சரி, எட்டு மில்லிமீட்டர் போல்ட் போடுவோம் என்று பார்த்தால், அது இரண்டு சுற்று ஏறி இறுகி நின்றுவிட்டது. லேத் தம்பி முடிவே கட்டிவிட்டார்: "எவனோ முன்னாடியே மரைய கெடுத்து வச்சிருக்காண்ணே. பெருசா டேப் அடிச்சு புது மரை வெட்டி நம்ம போல்ட்டப் போட்டுருவோம்."

யாரும் எதையும் கெடுக்கவில்லை. அது தொழிற்சாலையிலேயே அப்படித்தான் வந்தது. பிரெஞ்சு ஆயுதக் கம்பெனியான ஹாட்ச்கிஸ், முதல் உலகப்போரின்போது ஜெர்மன்காரர்களுக்குப் பயந்து தன் இயந்திரங்களை இங்கிலாந்தின் கவென்ட்ரிக்குக் கொண்டுவந்தது. போர் முடிந்தது, துப்பாக்கிக்கு ஆர்டர் இல்லை. மாரிஸ் கார்களுக்கு இன்ஜின் செய்து கொடுக்க ஆரம்பித்தார்கள். 1923ல் கம்பெனி முதலாளி மாரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிக்கொண்டார். அங்கே இருந்த இயந்திரங்கள் எல்லாம் மெட்ரிக் அளவில் மரை வெட்டுபவை. இங்கிலாந்து மெக்கானிக் பெட்டியில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். அதனால் மரையை மெட்ரிக்கிலும் தலையை விட்வொர்த்திலும் செய்தார்கள். அதிலும் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டர். இன்று நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது ஒன்றேகால் மில்லிமீட்டர் பிட்ச். அதனால்தான் இரண்டு சுற்றில் நின்றது. எம்.ஜி. கம்பெனியின் டி.சி., டி.டி. கார்களின் இன்ஜினும் மாரிஸ் டென் இன்ஜினின் வழிவந்ததுதான். அவற்றிலும் இதே மரைதான்.

லேத் தம்பி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் கைக்கு வந்த சான்றுகளை வைத்து யார் யோசித்தாலும் அங்கேதான் போய் நிற்பார்கள். ஆனால் அன்று டேப் அடித்திருந்தால் எண்பது வருடத்து பிளாக்கில் அந்தத் துளை நிரந்தரமாகப் போயிருக்கும். ஒரு நாள் பொறுத்ததால் தப்பியது. அதே லேத்தில், அதே தம்பி, ஒரு மில்லிமீட்டர் பிட்ச்சில் போல்ட் கடைந்து கொடுத்தார். அச்சு அசலாக ஏறியது. அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

தொழிற்சாலையே செய்துவிட்டுப் போன விசித்திரங்கள் இப்படி நிறைய உண்டு. ஆரம்பகால மாரிஸ் மைனரின் பம்பரைப் பாருங்கள். நடுவில் ஒரு துண்டு வைத்து ஒட்டுப்போட்டிருக்கும். எங்கேயோ இடித்து, பட்டறையில் அறுத்துச் சேர்த்த வண்டி என்றுதான் தோன்றும். உண்மை என்னவென்றால், அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு, 1948ல் வெளியிடுவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்னால், வண்டி ஒடுக்கமாக இருப்பதாகப் பட்டிருக்கிறது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குல இடைவெளியில் கண்ணுக்குப் பொருத்தமாக இருந்தது. அந்த அளவையே வைத்துக்கொண்டார்கள். ஆனால் பம்பர்கள் அதற்குள் அடித்துத் தயாராகிவிட்டன. அவற்றையும் பாதியாக வெட்டி, நடுவில் நான்கு அங்குலத் துண்டு வைத்து மாட்டி அனுப்பிவிட்டார்கள். போனட்டின் நடுவே நீளமாக ஓடுகிற அந்தப் பட்டையும் அதே நான்கு அங்குலம்தான். அந்த ஒட்டுப் பம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு வண்டியின் ஒற்றைப் பம்பரை மாட்டி 'சரி செய்தவர்கள்' எத்தனை பேரோ!

நம்ம ஊர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அப்படித்தான். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். சென்னை வண்டலூர் தொழிற்சாலையில் முதலில் இரண்டு கதவோடு செய்து, பிறகு நான்கு கதவு வைத்தும் செய்தார்கள். அங்கத்திய ரசிகர் ஒருவர் இதைப் பார்த்தால் பட்டறை வேலை என்றே சத்தியம் செய்வார். பிறகு வந்த கெஸல் காரில் பின் சக்கர அச்சான ஆக்சிலையே மாற்றிவிட்டார்கள். நம் சாலைக்கும் நம் குடும்பத்துக்கும் ஏற்றபடி தமிழ்நாட்டிலேயே யோசித்துச் செய்த வேலை இது. பெருமையாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

சரி, சொந்தக்காரர்களும் மெக்கானிக்குகளும் செய்த மாற்றங்களுக்கு வருவோம். என்னை அதிகம் ஈர்ப்பது இதுதான்.

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் 1930களின் செவர்லே ஒன்றைப் பார்த்தேன். சேசிஸின் பின்கோடியில், இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகக் கனமான துளைகள். பம்பருக்கானவை இல்லை, அது தனியாக இருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டருக்கும், அதை இன்ஜினுக்குள் கொண்டுபோகிற மேனிஃபோல்டுக்கும் நடுவில் கூடுதலாக ஓர் அடாப்டர். அதன் பக்கவாட்டு வாயை ஒரு தகட்டு மூடி போட்டு அடைத்திருக்கிறார்கள். கேஸ்கெட் வெட்டி, நான்கு போல்ட் போட்டு, ஒழுங்கான வேலை. மூடியின் ஓரத்தில் பழைய கரி படிந்து கல்லாகியிருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரே விடைதான் தெரிகிறது: கரிகேஸ். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, காரின் பின்னால் ஓர் உருளையை மாட்டி, அதில் அடுப்புக்கரியை அரைகுறையாக எரியவிட்டு, வருகிற வாயுவை வடிகட்டி இன்ஜினுக்கு அனுப்பினார்கள். அதில் எரிகிற சரக்கு கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும். இழுவை நன்றாகவே குறையும், ஆனாலும் வண்டி ஓடும். 1911ல் மதுரையை மையமாக வைத்துத் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனமே இந்தக் கேஸ் பிளான்டை வடிவமைத்துத் தயாரித்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கரி பஸ்ஸில் போன கதையைச் சொல்லக் கேட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் கட்டாயம் இருப்பீர்கள். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் உருளையைக் கழற்றி இரும்புக்கு எடைபோட்டிருப்பார்கள். மிஞ்சியது துளைகளும் அந்த மூடியும்தான். இப்போது அந்த வண்டியை வாங்கப்போகிறவர், "இந்த அசிங்கத்தையெல்லாம் எடுத்துட்டு கம்பெனி மேனிஃபோல்ட் போட்டுடலாம்" என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. உலகத்தில் அந்த வருடச் செவர்லே எத்தனையோ இருக்கும். போர்க்காலத்தில் கரியில் ஓடிய தடயம் உள்ள செட்டிநாட்டுச் செவர்லே எத்தனை இருக்கும்?

அம்பாசடரில் இருக்கிற புதிர்கள் இவ்வளவு பழையவை இல்லை, ஆனால் எண்ணிக்கையில் அதிகம். டேஷ்போர்டின் அடியோரத்தில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை, அதன் நேராக, இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வாலில் இன்னொன்று. பெட்ரோல் வண்டியில் இதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அந்த வண்டி ஒரு காலத்தில் வாடகைக் காராக ஓடியிருந்தால் விடை எளிது. மடாடர் வேனின் டீசல் இன்ஜினை இறக்கி ஓட்டிய வண்டி அது. அந்தக் காலத்து டீசல் இன்ஜினை சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. குமிழைப் பிடித்து இழுத்து டீசலை அடைத்துத்தான் நிறுத்துவார்கள். அந்த ஒயர் போன வழிதான் ஓட்டை. பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், டாக்சிதான். ஆர்.சி. புக்கில் இன்ஜின் நம்பர் மாறிய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், கதை முழுசாகக் கிடைக்கும்.

இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்புகிற பம்புக்கு மேலே ஒரு தகரத் தடுப்பு இருந்தாலும் அறுத்துவிடாதீர்கள். அது சித்திரை வெயிலுக்கு வைத்தது. சைலன்சர் மேனிஃபோல்டின் சூட்டில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகிவிட, வண்டி நடுரோட்டில் நிற்கும். போனட்டைத் திறந்து பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இது தெரியும். அந்தத் தடுப்பை வைத்த மெக்கானிக் ஏட்டில் இதைப் படித்திருக்க மாட்டார். வண்டியைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

எல்லா மாற்றமும் நல்ல மாற்றம் என்று நான் வாதாட வரவில்லை. கொதிக்கிறது என்று, இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப்போடும் பழக்கம் இங்கே பல வண்டிகளின் ஆயுளைக் குறைத்திருக்கிறது. இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடி ஓடித் தேய்ந்துபோகும். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் யாராவது விளையாடியிருந்தால் யோசிக்காமல் கம்பெனி முறைக்குத் திருப்புங்கள். உயிர் முக்கியம். ஆனால் திருப்புவதற்கு முன்னால் நாலு போட்டோ எடுத்துக்கொள்ள என்ன தடை?

இதில் சட்டத்தின் பங்கும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டி, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் கழித்துப் புதுப்பிக்க 5,000. நல்ல ஏற்பாடு. ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நேற்று பம்பாய்க் கடையில் வாங்கிய இன்ஜினை ஏற்றி வேஷம் கட்டுகிறவர்களைத் தடுக்க இது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் 1942ல் வேறு வழியில்லாமல் செய்த மாற்றமும், போன மாதம் அலங்காரத்துக்குச் செய்த மாற்றமும் ஒன்றா? வெளிநாட்டுக் கம்பெனிகள் 1950களின் நடுவில் கடையைக் கட்டிக்கொண்டு போனபின், உதிரிபாகம் கிடைக்காமல் பியட் இன்ஜினையும் அம்பாசடர் இன்ஜினையும் போட்டு ஓட்டிய வண்டிகளுக்கு வேறு என்ன வழி இருந்தது? அப்படிப்பட்ட பழைய மாற்றங்களை, தேதியும் காரணமும் நிரூபிக்க முடிந்தால், அந்த வண்டியின் வரலாறாகவே ஏற்றுக்கொள்ள விதியில் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாததால் என்ன ஆகிறதென்றால், தடயங்களை அழிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஆகிவிடுகிறது.

வண்டி வாங்கும் தம்பிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விலை பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். கல்யாண ஆல்பத்தில் கார் நிற்கிற படம் இருந்தால் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவராக இருந்தவர் உயிரோடு இருந்தால் தேடிப் போங்கள், அவருக்குத் தெரியாதது எதுவும் இருக்காது. அப்புறம், பெயின்டைச் சுரண்டும்போது கீழே வேறு நிறம் தெரிந்தால் ஒரு ரூபாய் அகலத்துக்காவது அப்படியே விட்டுவையுங்கள்.

இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மார்க் டூ அம்பாசடர். டிக்கித் தரையின் நான்கு மூலையிலும், நின்றவாக்கில் சின்னக் குழாய் வெல்டு வைத்திருக்கிறார்கள். கீழ்முனை சாலையைப் பார்த்துத் திறந்திருக்கிறது, மேல்முனை தரையிலிருந்து இரண்டு விரல்கடை உயரம். மல்லிகைப்பூ ஈரச்சாக்கின் தண்ணீர் வடிய வைத்தது என்கிறார் ஒரு நண்பர். அப்படியானால் குழாய் தரையோடு மட்டமாக அல்லவா இருக்க வேண்டும்? எதையோ கால் நட்டு நிறுத்த வைத்தது என்பது வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற பாயின் கணிப்பு. மைக்செட் குழாயா, பந்தல் சாமானா, ஜெனரேட்டரா, தெரியவில்லை. நான்கில் இரண்டின் உள்பக்கம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. பாய் பெயின்ட் வேலையை நிறுத்திவைத்திருக்கிறார். அறுபது, எழுபதுகளில் அந்தப் பக்கம் வண்டி ஓட்டியவர்களோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ இதைப் படித்தால், எதற்கென்று சொல்லுங்கள்.