கூட்டு சேர்ந்தால் குறைந்துவிடுவோமா?

நம் விண்வெளித் திட்டங்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், 'சொந்தமாக நிலவில் இறங்கிய பிறகும் வெளிநாட்டுக் கூட்டு எதற்கு' என்று கட்டுரையாளர் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2008இல் சந்திரயான்-1 சுமந்துபோன 11 கருவிகளில் 6 வெளிநாட்டவருடையவை. நிலவில் நீர் மூலக்கூறு இருப்பதைக் காட்டிய எம்3 கருவி நாசா கொடுத்தது. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது நம் விண்கலம். இதில் யாருக்குக் குறைவு?

பெங்களூருக்குப் பக்கத்தில் பையலாலுவில், தொலைதூர விண்கலங்களோடு பேச 32 மீட்டர் ஆன்டெனா இருக்கிறது. ஆனால் பூமி சுழல்கிறதே, நிலவு மறைந்தபின் அது என்ன செய்யும்? சந்திரயான்-3 பயணத்தில் ஐரோப்பிய, அமெரிக்க நிலையங்கள் கைகொடுத்தது அதனால்தான்.

நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த, பூமியைக் கண்காணிக்கும் நிசார் செயற்கைக்கோள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எல்-பேண்ட் (நீண்ட அலை) ரேடார் நாசாவுடையது, எஸ்-பேண்ட் (அதைவிடக் குறுகிய அலை) நம்முடையது. இரண்டையும் செயற்கைக்கோளில் பொருத்தியது இங்கே, பெங்களூரிலுள்ள இஸ்ரோ வளாகத்தில். அந்த வளாகத்தைத் தாண்டும்போதெல்லாம் அல்சூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுவேன். 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. 12 நாளுக்கொரு முறை அதே நிலத்தைத் திரும்பப் பார்த்து, சென்டிமீட்டர் அளவு நகர்வைக்கூடக் கண்டுபிடிக்கும். வயநாடு மாதிரி மண்சரிவு அபாயமுள்ள மலைகளை நினைத்துப் பாருங்கள்! தரவும் எல்லோருக்கும் இலவசம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஐயா.